என் போனில் மட்டும் திறந்த தளம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பதினான்கு மாதம் வேலை செய்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் தங்கியது அதுதான் முதல் தடவை. சொந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். கரும்பு வெட்டினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் ஒரு லாட்ஜில் அறை துடைத்தேன். அந்த லாட்ஜில் மாத வாடகைக்குத் தங்கியிருந்த ஒருவர் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர். காலையில் அவருக்குக் காபி வாங்கி வந்து கொடுப்பேன். பதிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுவார். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். பொருள் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன். ஊகம் பல தடவை சரியாக அமைந்துவிட்டதால் அதுவே படிப்பு என்று நினைத்திருந்தேன்.

சென்டரில் மனு டைப் அடிப்பது, சாதிச் சான்றிதழுக்குப் பதிவு செய்வது, பட்டா நகல் எடுப்பது எல்லாம் என் வேலை. முதலாளி ஐம்பது வயதுக்காரர். நல்லவர்தான். வம்பு தும்பு எதுவும் தன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்ணாக இருப்பார்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, கல்வராயன் மலையிலிருந்து ஓர் அக்கா வந்தார். வெள்ளிமலையிலிருந்து உள்ளே இரண்டு கல் தூரத்தில் அவர் ஊர். வயது நாற்பத்தைந்து இருக்கும். காணாமல் போன தம்பியைப் பற்றி மனு எழுத வேண்டும் என்றார்.

மலையில் சாமை அறுப்பு முடிந்ததும் ஆட்கள், கூலிக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரிகளோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போவது வழக்கம். இருபது முப்பது பேராகச் சேர்ந்து ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி மாறிப் போவார்கள். மிளகுப் பறிப்பும் முடிந்து மாசி, பங்குனியில் திரும்புவார்கள். அப்படிப் போன தம்பி, திரும்பி வரும்போது மைசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறுகிற நெரிசலில் தவறிவிட்டார். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். கை வேலை எல்லாம் ஒழுங்காகச் செய்வார். பேச்சு மட்டும் கம்மி. ஊர் பெயர் கேட்டால் "மலை" என்பார். எந்த மலை என்று கேட்டால் அதற்கும் "மலை"தான் பதில்.

"போலீஸ்ல குடுத்தாச்சு சார். சீட்டு வச்சிருக்கேன்," என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கூடவே ஒரு நோட்டீஸ். தம்பி படம், அடையாளம், கீழே ஒரு போன் நம்பர்.

"இந்த நம்பர் யாருதுக்கா?"

"வெள்ளிமல கடக்காரருது. எங்கூர்ல டவர் கெடைக்காது. ஒரு வாரம் எடுத்தாரு. எவன் எவனோ குடிச்சிட்டு போன் பண்ணிக்கினே இருந்தானுங்களாம். அப்புறம் ஆஃப் பண்ணிப் போட்டுட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது."

அப்போதுதான் நான் வெப்சைட் என்ற பேச்சை எடுத்தேன். ஒரு பக்கம் செய்து வைத்தால் போதும். பார்த்தவர்கள் எந்த நேரத்திலும் அதில் எழுதிவிட்டுப் போகலாம், எழுதியது அப்படியே கிடக்கும், அக்கா கீழே வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் சொந்த நம்பரையே நோட்டீஸில் போட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. அந்த ஊரில் நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியாது, ஊருக்கு ஒரு சிம் மாற்றுகிறவன், அதனால் சொல்லவில்லை. சென்டர் நம்பரைப் போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"போலீஸ் கேஸ்ல நம்ம நம்பரா? வேணாம்டா சாமி. நீ வேணும்னா அந்த வெப்சைட்ட பண்ணிக் குடு, புண்ணியமாப் போவும்," என்றார்.

இரண்டு நாளில் பக்கம் தயார் ஆனது. தம்பியின் படம் ஒரே ஒன்றுதான் இருந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. யாரோ ஒருவரின் கை அவர் தோளில் கிடக்கும். அந்தக் கையை வெட்ட முடியவில்லை. இடது கணுக்காலில் அரிவாள் வெட்டுத் தழும்பு, காதில் கடுக்கன் ஓட்டை என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், "இன்னொன்னு எழுதணும் சார்," என்றார். "அவன் மேல கோவம் இல்லன்னு எழுதுங்க. போன வருசம் அவன் குடகுக்குப் போவ மாட்டேன்னு வூட்டுக்குள்ள உக்காந்துக்கினான். நான்தான் துணிப் பைய தூக்கி வெளிய கடாசி, போடான்னு அனுப்புனேன். நான் கோவமா கீறேன்னு நெனச்சிதான் வராம கீறானோ இன்னாவோ."

'அக்காவுக்கு உன் மேல் கோபம் இல்லை' என்று எழுதினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் என் தப்பு. தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். வெப்சைட் என்பது பஸ் என்றால் டொமைன் என்கிற பெயர் அதன் நெற்றியில் மாட்டும் போர்டு. பஸ் ஒரு கம்பெனியில் இருக்கும், போர்டை வேறொரு கம்பெனியில் வாங்கியிருப்போம். போர்டு வாங்கிய கம்பெனியின் கணக்குக்குள் போய், இந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களை இன்ன பஸ்ஸில் ஏற்று என்று எழுதிவைக்க வேண்டும். அதை இரண்டு வரியில் எழுத வேண்டும். மூன்று டபிள்யூ போட்டுத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வரி. டபிள்யூ இல்லாமல் வெறும் பெயரை அடிப்பவர்களுக்கு இன்னொரு வரி. ஒரே பெயர்தான் என்றாலும் இரண்டும் இரண்டு வாசல்.

நான் மூன்று டபிள்யூ வரியை எழுதினேன். வெறும் பெயருக்கான வரியில் ஏற்கெனவே ஒரு நம்பர் இருந்தது. நான்கு துண்டாகப் புள்ளி வைத்த நம்பர். எனக்குத் தேவைப்பட்டதும் அதே மாதிரி நான்கு துண்டு நம்பர்தான். கம்பெனிக்காரர்களே போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, இதில் கை வைத்தால் எதுவாவது கெட்டுப்போகும் என்று அப்படியே விட்டேன். இரண்டு நம்பரையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அன்று ஏதோ தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள். தெரு வரைக்கும் வரிசை நின்றது. என் போனில் பெயரை மூன்று டபிள்யூ போட்டு அடித்தேன். திறந்தது. தம்பி முகம் வந்தது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

உண்மையில் வெறும் பெயருக்கான வரியில் இருந்தது போர்டு விற்ற கம்பெனியின் சொந்த நம்பர். வீடு கட்டாத மனையில் விளம்பரத் தட்டி நடுகிற மாதிரி, அங்கே அவர்கள் ஒரு விளம்பரப் பக்கத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

போன் நம்பருக்குப் பதிலாக வெப்சைட் பெயரைப் போட்டுப் புது நோட்டீஸ் அடித்த பிரஸ்காரர் மூன்று டபிள்யூவை எடுத்துவிட்டார். "இப்ப யாருய்யா அதப் போடறாங்க? அது இல்லாமலே வரும். எழுத்து பெருசா வெச்சாத்தான் பஸ்ல போறவன் கண்ணுக்குத் தெரியும்," என்றார். அவர் சொன்னது சரிதான். பிசகு அவரிடம் இல்லை.

அந்தக் கார்த்திகையில் மலையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு கூட்டத்தின் மேஸ்திரி கையிலும் அக்கா ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்தார். சேலத்திலும் மைசூரிலும் குடகு போகிற ரோட்டுக் கடைகளிலும் ஒட்டிக்கொண்டே போனார்கள். மலையில் யாரும் அந்தப் பெயரைப் போனில் அடித்துப் பார்க்கவில்லை. அடித்தால் வருவதற்கு டவர் கிடையாது. கீழே நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற நம்பிக்கைதான்.

வியாழக்கிழமை தோறும் அக்கா முதல் பஸ்ஸில் இறங்கி கச்சிராயபாளையம் வழியாக வருவார். சென்டர் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். "எதுனா வந்துச்சா சார்?"

நான் போனை எடுப்பேன். முதல் இரண்டு எழுத்து அடித்ததுமே மீதியை, மூன்று டபிள்யூவோடு, போனே போட்டுக்கொள்ளும். தம்பி முகம் வரும். தகவல் பெட்டியைத் திறந்தால் காலி.

"இன்னும் யாரும் எழுதலக்கா."

"அவன் படம் நல்லா தெரியுதே," என்று குனிந்து பார்ப்பார். "செரி. பாக்கறவங்க கண்ணுல படணும் இல்ல?"

ஐந்து வியாழக்கிழமை இப்படிப் போனது. ஐந்து தடவையும் யாரும் எழுதவில்லை என்று சொன்னேன். ஒரு வகையில் அது பொய் இல்லை.

மார்கழி நடுவில் ஒரு மேஸ்திரி சென்டருக்கு வந்தார். இரண்டாவது கூட்டத்தை அழைத்துப்போக மலைக்கு வந்தவர், யாரையோ ஆதார் திருத்தம் செய்யக் கூட்டி வந்திருந்தார். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து நக்கலாகச் சிரித்தார்.

"இத நீங்கதான் பண்ணீங்களா? நல்லா பண்ணீங்க போங்க."

"ஏங்க?"

"ஆள தேடறோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டு, உள்ள போனா இங்கிலீஷ்ல வெளம்பரம் வருது. வேலைக்கு ஆள் எடுக்கறான், கடன் தரான், கார் வாடகைக்கு வுடறான். தம்பி எங்க கீறான் அதுல?"

அவர் விவரம் சொன்னார். குடகுக்குள் ஏறுகிற ரோட்டில் ஒரு டீக்கடை, கடைக்காரர் தமிழர். நோட்டீஸைப் பார்த்ததும், "இந்த மாதிரி ஒருத்தன் இங்கதான் எடை மேடை ஷெட்ல படுத்துக் கிடக்கறான்" என்றிருக்கிறார். படம் சின்னதாக இருக்கிறது, பெரிதாகப் பார்க்கிறேன் என்று தன் போனில் பெயரை அடித்திருக்கிறார். விளம்பரம் வந்திருக்கிறது. இன்னொரு தடவை அடித்திருக்கிறார். மறுபடி விளம்பரம். நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்து, "இல்லைங்க, இது வேற ஆளு. எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டாராம். ஷெட்டை எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டதாம்.

"எப்ப நடந்துச்சு இது?"

"ஆவுது பன்னெண்டு நாளு."

முதலாளியின் போனை வாங்கி வெறும் பெயரை மட்டும் அடித்தேன். வேலை வாய்ப்பு, கடன், டாக்ஸி என்று வரிசையாக நீல எழுத்து. தம்பி இல்லை.

உடனே கணக்கைத் திறந்து அந்த வரியை அழித்தேன். சரியான நம்பரை ஒவ்வொரு துண்டாக வாய்விட்டுச் சொல்லி எழுதினேன். இந்த மாதிரி மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். சாயங்காலம் வரைக்கும் சென்டருக்கு வந்தவர்கள் போனையெல்லாம் கேட்டு வாங்கி அடித்துப் பார்த்தேன். சிலதில் தம்பி வந்தார், சிலதில் விளம்பரம் வந்தது. மறுநாள் காலையில் எல்லாவற்றிலும் தம்பி வந்தார்.

"அந்தம்மாகிட்ட இத சொல்லிக்கினு இருக்காத," என்றார் முதலாளி. "நெட்வொர்க் கோளாறு, இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போ. நீ வேணும்னேவா பண்ண?"

துணிப்பை என் அறையில் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அப்படிப் பல ஊர்களை விட்டு வந்தவன்தான் நான். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகவும் செய்தேன். வெள்ளிமலை பஸ் முதலில் புறப்பட்டது. அதில் ஏறினேன். அதற்கு மேல் அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கா கொல்லைக்காட்டில் மற்ற பெண்களோடு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். டெம்போ காத்து நின்றது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கிழங்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா சார், நீங்களே வந்துட்டீங்க! வந்துச்சா?"

மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன்.

"பாத்தேன்னு சொன்னாரா அந்த டீக்கடக்காரரு?"

"மொதல்ல சொன்னாராம். அப்புறம் இல்லன்னுட்டாராம்."

"ஏன் இல்லன்னாரு?"

"நம்ம பக்கம் அவர் போன்ல தொறக்கல. வேற ஏதோ வெளம்பரம் வந்திருக்கு. நான் ஒரு எடத்துல சரியா எழுதாம வுட்டுட்டேன். என் தப்புதான்க்கா."

அவருக்குப் புரிய நேரமானது. கையில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"வாரா வாரம் வந்து கேட்டேனே. நீ போன தொறந்து காட்டுனியே. அவன் மூஞ்சி இருந்துச்சே அதுல."

"என் போன்ல மட்டும்தான்க்கா இருந்துச்சு."

பின்னால் நின்ற ஒரு பெண், "படிச்சவன் கைல குடுத்தா இப்டிதான் ஆவும். நம்ம பஞ்சாயத்து ஆபீஸ்ல பூட்டி வச்சிக்கீற டிவி மாதிரி, அவனுங்களுக்கு மட்டும் தெரியும்," என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் படிச்சவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சட்ட இன்னா கலர்ல போட்டுருந்தான்னு சொன்னாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கெளம்பு," என்றார். "அந்தக் கடைய எனக்குக் காட்டு."

சேலம் போய், மைசூர் போய், மறுநாள் முற்பகலில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். வழியில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் நான்கைந்து வார்த்தை இருக்கும். கடைக்காரர் தர்மபுரிப் பக்கம், அறுபதை நெருங்கியவர். நோட்டீஸை நீட்டியதும் முகம் மாறியது.

"திரும்பத் திரும்ப ஏன்யா வர்றீங்க? தெரியாதுன்னு சொன்னேன் இல்ல?"

"நான் அவன் அக்காங்க," என்றார் அக்கா.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

"இப்ப ஒரு தடவ உங்க போன்ல அடிச்சுப் பாருங்க," என்றேன். வேண்டா வெறுப்பாக அடித்தார். படம் வந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். கணுக்கால் தழும்பு, காது ஓட்டை, அக்காவுக்கு உன் மேல் கோபம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இது அன்னைக்கு வரலையே. வேலைக்கு ஆள் வேணும்னுதானே வந்துச்சு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "இந்த ரோட்ல புத்தி கொறஞ்சவனா பாத்து ஏத்திட்டுப் போயி கல் ஒடைக்க வுடறானுங்கம்மா. அக்கா, அம்மான்னு சொல்லிக்கிட்டுத்தான் வருவானுங்க. இதுவும் அந்தக் கூட்டம்னு நெனச்சிட்டேன். இங்க இருந்தா புடிச்சிட்டுப் போயிடுவானுங்கன்னு நாந்தான் அவன எனக்குத் தெரிஞ்ச லாரில ஏத்தி அனுப்புனேன். ஹாசன் பக்கம் ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவ. ஆறு மாசமா எங் கடை டீயக் குடிச்சவன்மா. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். இத மட்டும் அன்னைக்கு அவனுக்குப் படிச்சுக் காட்டியிருந்தேன்னா, நானே பஸ் ஏத்தி வுட்டுருப்பேன்."

அக்கா அவரிடம் சட்டையின் நிறத்தைக் கேட்டார். பச்சை என்றார் அவர். அவர் போட்டுக் கழித்துத் தம்பிக்குக் கொடுத்த பழைய சட்டை.

லாரி டிரைவருக்குப் போன் செய்து ஓட்டலை விசாரித்துக்கொண்டு அன்றைக்கே போனோம். ஓட்டல்காரர் கன்னடத்தில் சொன்னதை நான் அக்காவுக்குச் சொன்னேன். தம்பி அங்கே நான்கு நாள் இருந்தார். பாத்திரம் பளிச்சென்று கழுவினார். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் ஆள் இல்லை. எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியாது.

"அவரு சொன்னது அவ்ளோதானா? நீ எதுனா வுட்டுட்டியா?" என்று அக்கா கேட்டார். அவ்வளவுதான் என்றேன். நம்பாமல், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஓசூர் லாரிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். அவரும் அதையேதான் சொன்னார்.

மூன்று நாள் தேடினோம். பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், சந்தை, ஆஸ்பத்திரி. பச்சைச் சட்டை போட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தம்பி கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. தகவல் பெட்டியில் அதன் பிறகு ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். வேறு ஆட்கள்.

ஹாசனிலிருந்து திரும்பி மைசூர் வந்து சேலம் பஸ் ஏறியதைச் சொல்லி முடிக்கிறேன். பகல் பஸ், கூட்டம் அதிகம். முன்வரிசையில் அக்காவுக்கு ஓர் இடம் கிடைத்தது. நான் நான்கு வரிசை தள்ளி நடுவில் உட்கார்ந்திருந்தேன். மைசூரைத் தாண்டியதும் அக்கா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நோட்டீஸைக் காட்டினார்.

"யம்மா, உன் போன்ல இந்தப் பேர அடிச்சுப் பாரேன். வருதான்னு மட்டும் சொல்லு."

அந்தப் பெண் அடித்துக் காட்டினாள். படத்தைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்து பின்வரிசைக்கு வந்தார். "ஏங்க, உங்க போன்ல ஒரு தடவ." அங்கேயும் வந்தது. அதற்கும் பின்வரிசை. காலேஜ் பையன்கள், ஒரு பாதிரியார், கோழிக்கூடையோடு ஒருவர். பஸ் வளைவில் ஆடும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் போனிலும் தம்பியின் முகம் வருகிறவரைக்கும் நின்று பார்த்தார். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒருவர், "வருது, வருது, போய் உக்காரும்மா," என்றார். அவர் போனையும் வாங்கி, பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

என் வரிசைக்கு வந்தார். நான் போனைத் திறந்து கையில் வைத்திருந்தேன். அக்கா என்னைத் தாண்டிக் குனிந்து, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவரின் தோளைத் தட்டினார்.